புது சஸ்பென்ஷன் மாட்டியாச்சு, வண்டியின் உயரத்தை எப்படி வைப்பது? மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு ஒரு முழு வழிகாட்டி

சஸ்பென்ஷனை மாற்றிவிட்டு வண்டியை ஜாக்கிலிருந்து இறக்கியதும் எல்லோரும் முதலில் செய்கிற காரியம், நாலடி பின்னால் போய் நின்று டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் போகும் என்று பார்ப்பதுதான். பார்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த இடைவெளியை வைத்து உயரத்தை முடிவு செய்யாதீர்கள். ஷாக் அப்சார்பரின் தண்டு மேலே எவ்வளவு போகலாம், கீழே எவ்வளவு வரலாம், சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் ஆர்ம் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதையெல்லாம் உயரம்தான் தீர்மானிக்கிறது. அது சரியாக இல்லாவிட்டால் விலை உயர்ந்த ஷாக்கும் மாட்டுவண்டி மாதிரிதான் தூக்கிப் போடும்.

இந்த வழிகாட்டிக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளை எடுத்துக்கொள்கிறேன். 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி, முகப்பு விளக்கு எழும்பி மடங்கும் அமைப்போடு 1997 வரை வந்தது என்ஏ. அதற்கு அடுத்து 2005 வரை வந்தது என்பி. உலகம் முழுக்க வீட்டு ஷெட்டிலேயே சஸ்பென்ஷன் மாற்றப்படும் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இதுதான். எடை ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும். நாலு சக்கரத்துக்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என்று இரட்டை ஆர்ம் அமைப்பு. இதே அமைப்புள்ள வேறு கார்களுக்கும் முறை ஒன்றுதான், எண்கள் மட்டும் மாறும்.

பழசைக் கழற்றும் முன்

புதுப் பெட்டியைப் பிரிக்கும் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிற வேலை இது. பழைய சஸ்பென்ஷன் இருக்கும்போதே நாலு மூலையையும் அளந்து எழுதி வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் எண்ணைவிட உங்கள் வண்டியில் நீங்கள் எடுத்த எண்ணுக்குத்தான் மதிப்பு. இடது, வலது பக்கங்களுக்கு நடுவே ஏற்கெனவே 8 மி.மீ. வித்தியாசம் இருந்தால், அது ஸ்பிரிங்கின் குற்றமா, எப்போதோ இடி வாங்கிச் சரிசெய்த மட்கார்டின் குற்றமா என்பதை இப்போதே கண்டுபிடித்துவிடலாம். மாற்றிய பிறகு அது தெரியவந்தால், புது ஷாக்கைச் சந்தேகப்பட்டு நாள் போய்விடும்.

கீழ் ஆர்ம்களை சேசிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளின் தலைப்பக்கம் கோடு போட்ட வட்டத் தகடு இருக்கும். எம்எக்ஸ்-5இல் அவை சாதாரண போல்ட்டுகள் அல்ல, கேம் போல்ட்டுகள். அவற்றைத் திருப்பினால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் அளவு), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) எல்லாம் மாறும். கழற்றும் முன் பெயின்ட் பேனாவால் தகட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்காக ஒரு கோடு போட்டுவிடுங்கள். பழைய வண்டியில் இந்த போல்ட்டுகள் துருவேறி, புஷ் எனப்படும் ரப்பர் உருளைக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம். இரண்டு நாள் முன்பே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுவது நல்லது.

எங்கிருந்து எங்கே அளப்பது

சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு வளைவின் விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானம், காற்று, டயர் சைஸ் எல்லாம் அளவுக்குள் புகுந்துவிடும். நடுப்புள்ளியிலிருந்து அளந்தால் அந்தத் தொல்லை இல்லை.

மட்கார்டு நம்பகமாக இல்லையென்றால் இரண்டாவது அளவு ஒன்று இருக்கிறது. கதவுக்குக் கீழே ஓரமாக ஓடும் தகட்டு மடிப்பிலிருந்து, அதாவது ஜாக் வைக்கும் இடத்திலிருந்து தரை வரை அளப்பது. இங்கே டயர் கணக்கில் வரும், ஆனால் மட்கார்டின் கோளாறு வராது. இரண்டையும் எடுத்து ஒப்பிட்டால் எந்த எண் பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

தரை மட்டம்

கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் தரை மட்டமாக இருப்பதில்லை. கார் நிறுத்தும் இடங்களைத் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகத்தான் போடுவார்கள். ஒரு மூலை 6 மி.மீ. தாழ்ந்திருந்தால் அங்கே நீங்கள் எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது.

இதற்கு லேசர் கருவி தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் லெவல் போதும். நாலு சக்கரம் நிற்கும் இடங்களையும் சுண்ணக்கட்டியால் குறித்து, டியூபால் மட்டம் பாருங்கள். காற்றுக் குமிழ் உள்ளே இருந்தால் கணக்கு தப்பும், வெளியேற்றிவிடுங்கள். தாழ்ந்த இடத்தில் தரை டைல்ஸ் துண்டோ, ஒட்டுப்பலகைத் துண்டோ வைத்து ஏற்றுங்கள். நாலு இடமும் 1 மி.மீ.க்குள் வந்துவிட்டால், எந்த இடத்துக்கு எத்தனை துண்டு என்று தரையிலேயே எழுதி வைத்துவிடலாம், அடுத்த முறை தேட வேண்டாம்.

அப்புறம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே, நடுவில் கிரீஸ் தடவிய இரண்டு வழவழப்பான தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். வண்டியை ஜாக்கில் தூக்கும்போது ஆர்ம் கீழே தொங்கி, சக்கரம் உள்பக்கமாக இழுபடும். இறக்கும்போது அது வெளிப்பக்கமாக நகர்ந்தால்தான் வண்டி முழுசாக உட்காரும். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தால் வண்டி 10 மி.மீ. மேலேயே நின்று உங்களை ஏமாற்றும். தகடு கிடைக்காவிட்டால் ஒவ்வொரு முறை இறக்கிய பிறகும் வண்டியை மூன்று, நான்கு மீட்டர் முன்னும் பின்னும் தள்ளிவிட்டு அளக்க வேண்டும்.

டயர் காற்று நாலிலும் சரியான அளவு, பெட்ரோல் பாதித் தொட்டி, டிக்கியில் வழக்கமாக இருக்கும் ஸ்டெப்னி, ஹேண்ட்பிரேக் விடுவித்த நிலை. எப்போது அளந்தாலும் இந்த நிலையில்தான் அளக்க வேண்டும்.

எவ்வளவு உயரம்?

தொழிற்சாலையிலிருந்து வந்த என்ஏ வண்டியில் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை 360 மி.மீ.யை ஒட்டி இருக்கும். ஆண்டு, மாடல், ஸ்பிரிங்கின் வயது இவற்றால் கொஞ்சம் முன்னே பின்னே போகும். சாலையில் ஓட்டுவதற்காகத் தாழ்த்தியவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் 330 மி.மீ. 318க்குக் கீழே போவது இந்த வண்டிக்கு நல்லதல்ல. காரணங்கள் இரண்டு.

முதலாவது, எம்எக்ஸ்-5இன் சஸ்பென்ஷன் ஓட்டமே, அதாவது ஷாக்கின் தண்டு மேலும் கீழும் போகக்கூடிய தூரமே, குறைவு. தண்டின் மேல்முனையில் பம்ப் ஸ்டாப்பர் என்ற நுரை ரப்பர் இருக்கிறது. வண்டியைத் தாழ்த்தத் தாழ்த்த ஷாக்கின் உடம்பு அதை நெருங்கும். சின்னப் பள்ளத்திலேயே போய் முட்டினால், அந்த நொடியில் ஸ்பிரிங் பல மடங்கு கடினமானது போல் ஆகிவிடும். வளைவில் அப்படி நடந்தால் அந்தப் பக்கத்து டயர் திடீரென்று பிடியை விடும். தாழ்த்திய பிறகு வண்டி துள்ளுகிறது, ஷாக் ரொம்பக் கடினம் என்று புலம்புகிறவர்களில் பலர் உண்மையில் ஸ்டாப்பர் மேல்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வண்டி தரையில் நிற்கும்போது ஷாக் உடம்பின் மேல்விளிம்புக்கும் ஸ்டாப்பரின் கீழ்முனைக்கும் நடுவே தெரியும் தண்டை அளந்து பாருங்கள். சாலை வண்டிக்கு 35-40 மி.மீ. இருந்தால் எனக்கு நிம்மதி. 20க்குக் கீழே என்றால் உயரத்தைக் கூட்டுங்கள், வேறு வழி தேடாதீர்கள். என்ஏ வைத்திருப்பவர்கள் பலர் என்பியின் மேல் மவுன்ட்டை வாங்கி மாட்டுவதும் இதற்காகத்தான். வண்டியைத் தூக்காமலே ஷாக்குக்குக் கூடுதல் ஓட்டம் கிடைக்கிறது.

இரண்டாவது, கீழ் ஆர்மின் சாய்வு. வண்டிக்கு முன்னால் குனிந்து பார்த்தால் கீழ் ஆர்ம் தரைக்கு இணையாகவோ, சக்கரப் பக்கம் சற்றுத் தாழ்ந்தோ இருக்க வேண்டும். சக்கரப் பக்கம் மேலே ஏறி நின்றால் வண்டியை அளவுக்கு மேல் இறக்கிவிட்டீர்கள். அந்த நிலையில் வண்டியின் ஈர்ப்பு மையம் இறங்கியதைவிட, அது வளைவில் சாயும் அச்சு அதிகமாக இறங்கியிருக்கும். விளைவு, தாழ்த்திய வண்டி தாழ்த்தாத வண்டியைவிட அதிகம் சாய நேரிடும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பந்தய ஓட்டிகள் ஆர்மின் வெளிமுனையில் இருக்கும் பால் ஜாயின்ட் என்ற மூட்டை நீளமானதாக மாட்டி ஆர்மின் கோணத்தைத் திருத்துவது இந்தச் சிக்கலுக்குத்தான்.

பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்க வேண்டும். ஜாக் வைக்கும் மடிப்பில் அளந்தால் முன்னால் 115 மி.மீ., பின்னால் 127 மி.மீ. என்பது இந்த வண்டிக்குப் பல காலமாகச் சொல்லப்படும் கீழ் எல்லை. அந்த 12 மி.மீ. வித்தியாசத்தை எந்த உயரத்திலும் காப்பாற்றப் பாருங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஜப்பானில் வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 9 செ.மீ. மேலே இல்லாவிட்டால் வாகனச் சோதனையில் தேறாது. உங்கள் ஊரின் விதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வகை காயில்ஓவர்?

ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் உட்காரும், உயரம் மாற்றக்கூடிய தொகுப்புதான் காயில்ஓவர். ஸ்பிரிங்கைத் தாங்கும் திருகு வளையமான காலரைத் தொடும் முன் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். ஒரு வகையில் ஸ்பிரிங் உட்காரும் காலர் மட்டும் மேலே கீழே போகும். அதை இறக்கினால் வண்டி இறங்கும், ஷாக்கும் ஸ்டாப்பரை நெருங்கும். இன்னொரு வகையில் ஷாக்கின் அடி பிராக்கெட் தனியாகத் திருகி ஏறி இறங்கும். இதில் ஷாக்கின் ஓட்டம் மாறாமல் வண்டியின் உயரத்தை மட்டும் மாற்றலாம். ஒரு எல்லைக்குப் பிறகு டயரோ ஆர்மோ எங்காவது இடிக்கும், அது வேறு விஷயம்.

இரண்டாம் வகை உங்களிடம் இருந்தால் ஸ்பிரிங் காலரை உயரத்துக்காகப் பயன்படுத்தாதீர்கள். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் கையால் ஆட்டினாலும் ஆடாத அளவுக்கு, 2-3 மி.மீ. இறுக்கினால் போதும். உயரத்தை அடி பிராக்கெட்டில் வையுங்கள். கூட இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்ற நம்பிக்கை ரொம்ப நாளாக உலவுகிறது. ஒரே சீரான ஸ்பிரிங் அப்படிக் கடினமாவதில்லை. மில்லிமீட்டருக்கு 7 கிலோ தாங்கும் ஸ்பிரிங், எவ்வளவு இறுக்கினாலும் அடுத்த மில்லிமீட்டருக்கு அதே 7 கிலோதான் கேட்கும்.

ஒரு சின்னக் கணக்கு. முன் மூலை ஒன்றில் சக்கரம், பிரேக் நீங்கலாக ஸ்பிரிங் சுமக்க வேண்டிய எடை 220 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஷாக் சக்கரத்தின் மேலேயே நேராக நிற்கவில்லை, ஆர்மின் உள்பக்கத்தில் மாட்டியிருக்கிறது. சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஷாக் ஏறத்தாழ 7 மி.மீ.தான் அமுங்கும். அதனால் ஸ்பிரிங் மேல் விழும் சுமை 220ஐவிட அதிகம், 300 கிலோவைத் தாண்டும். 7 கிலோ ஸ்பிரிங் என்றால் சுமார் 44 மி.மீ. அமுங்கி நிற்கும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் உங்களுக்குத் தேவையான எண் கிடைக்கும்: காலரை 10 மி.மீ. இறக்கினால் வண்டி 13-14 மி.மீ. இறங்கும். இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் ஒவ்வொரு முறையும் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவார்கள்.

வைத்து, உட்காரவிட்டு, திருத்துவது

வண்டியைத் தூக்க ஜாக் வைக்கும் இடம், முன்பக்கம் குறுக்குச் சட்டத்தின் நடுப்பகுதி, பின்பக்கம் டிஃபரன்ஷியல் உடம்பு. தூக்கியதும் ஜாக் ஸ்டாண்டுகளை வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி ஒருபோதும் கீழே கை விடாதீர்கள்.

பெட்டியில் வந்த நாலு ஷாக்கையும் பெஞ்சில் படுக்கவைத்து, முன் இரண்டும் ஒரே அளவா, பின் இரண்டும் ஒரே அளவா என்று காலரிலிருந்து அடி போல்ட் வரை அளந்து சமப்படுத்தியபிறகு மாட்டுங்கள். காலர்த் திருகில் மண் ஒட்டியிருந்தால் பிரஷ்ஷால் துடையுங்கள். அலுமினியக் காலர் மண்ணோடு திரும்பினால் திருகை அரித்துவிடும்.

இறக்குங்கள். முன் பம்பரையும் பின் பம்பரையும் நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். முன்னும் பின்னும் தள்ளுங்கள். பிறகு அளந்து எழுதுங்கள். ஒரு மூலைக்கு இரண்டு முறை அளந்து, இரண்டும் 1 மி.மீ.க்குள் ஒத்துப்போனால்தான் அந்த எண்ணை ஏற்க வேண்டும்.

முதல் அளவில் இலக்கைவிட 5 மி.மீ. மேலேயே வையுங்கள். புது ஸ்பிரிங்கும் ரப்பரும் சில நாள் ஓட்டத்தில் கொஞ்சம் இறங்கும். திருத்தும்போது காலரில் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, முழுச் சுற்று, அரைச் சுற்று என்று எண்ணுங்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை மி.மீ. என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பத்துச் சுற்று சுற்றி அளந்து பத்தால் வகுத்தால் தெரிந்துவிடும். லாக் காலரை இறுக்க மறக்காதீர்கள். ஆனால் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டாம்.

புஷ்

நாள் முழுக்க உழைத்து வைத்த உயரம் ஒரு மாதத்தில் கலைந்துபோக முதல் காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஆர்ம்களில் இருக்கும் தொழிற்சாலை புஷ் சுழல்வதில்லை. நடுவில் இரும்புக் குழாய், வெளியே இரும்பு வளையம், இரண்டுக்கும் நடுவே ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கினால் நடுக்குழாய் பிராக்கெட்டோடு பிடித்துக்கொள்ளும். ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், தொங்கும் நிலைதான் ரப்பருக்கு இயல்பான நிலை ஆகிவிடும். வண்டியை இறக்கியதும் எல்லா ரப்பரும் முறுகி நின்று வண்டியை மேலே தள்ளும். உயரம் தப்பாகத் தெரியும். நீங்களும் காலரை இறக்குவீர்கள். கொஞ்ச நாளில் ரப்பர் கிழிந்ததும் வண்டி இன்னும் இறங்கும்.

ஆகவே சக்கரத்தில் எடை இருக்கும்போதுதான் ஆர்ம் போல்ட்டுகளை முழு இறுக்கம் கொடுத்து இறுக்க வேண்டும். ஷாக்கை எடுப்பதற்காகக் கழற்றும் மேல் ஆர்மின் நீளப் போல்ட்டும் இதில் அடங்கும். தாழ்ந்த வண்டிக்குக் கீழே ஸ்பேனர் போகாதே என்றால் ஒரு வழி இருக்கிறது. வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே கீழ் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கை வைத்து, சக்கர நடுவுக்கும் மட்கார்டுக்கும் உள்ள தூரம் உங்கள் இலக்கு எண்ணுக்கு வரும் வரை தூக்குங்கள். ஸ்டாண்டிலிருந்து வண்டி எழும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் டார்க் ரெஞ்சால் இறுக்கலாம். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு என்பதற்கு உங்கள் ஆண்டு மாடலின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். சக்கர நட்டுக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர்.

பாலியூரித்தேன் புஷ் மாட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது தாராளமாகச் சுழலும். பதிலாகக் கிரீஸ் காய்ந்ததும் சத்தம் போடும்.

நாலு உயரமும் சமம் என்றால் எடையும் சமமா?

இல்லை. ஒரு காலில் கட்டை வைத்த ஸ்டூலை யோசித்துப் பாருங்கள்: எதிர்மூலையும் அந்தக் காலும் எடையைத் தாங்கும், மற்ற இரண்டும் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். காரிலும் அதுதான். ஒரு மூலையை உயர்த்தினால் அந்த மூலையிலும் குறுக்கே எதிர்ப்பக்கத்து மூலையிலும் எடை கூடும். உயரம் சில மில்லிமீட்டர்தான் மாறும், எடை பத்து இருபது கிலோ மாறிவிடும்.

சாலையில் மட்டும் ஓட்டுபவர் உயரத்தைச் சமப்படுத்தி நிறுத்திக்கொள்ளலாம். டிராக்கில் ஓட்டப் போகிறவர் நாலு எடைத் தட்டு உள்ள ஒரு பட்டறையைத் தேடுவது நல்லது. ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான மணல் மூட்டையை வையுங்கள். இடது, வலது சக்கரங்களைப் பிணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரின் ஒரு லிங்க்கைக் (இணைப்புத் தண்டை) கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அது ஒரு பக்கத்து எடையை இன்னொரு பக்கத்துக்குக் கடத்தும்.

வலது பக்க ஸ்டீயரிங் வண்டி ஒன்றில் முன் வலது 275, முன் இடது 245, பின் வலது 240, பின் இடது 260 கிலோ என்று வருகிறது என்று வைப்போம். மொத்தம் 1020. முன் வலதையும் பின் இடதையும் கூட்டினால் 535, அதாவது 52.5 சதவீதம். இது 50க்கு வர வேண்டும். முன் வலதையும் பின் இடதையும் அரைச் சுற்று இறக்கி, மற்ற இரண்டையும் அரைச் சுற்று ஏற்றுங்கள். நாலிலும் சமமாகக் கை வைப்பதால் வண்டியின் சராசரி உயரம் மாறாது. ஆட்டி உட்காரவிட்டு மறுபடி பாருங்கள். அரை சதவீதத்துக்குள் வந்தால் விட்டுவிடலாம். ஓட்டுநர் பக்கம் கனமாக இருப்பதை மட்டும் காலரைத் திருகி மாற்ற முடியாது. இடது வலது மொத்தம், முன் பின் மொத்தம் இரண்டும் பொருள்களை இடம் மாற்றினால்தான் மாறும்.

லிங்க்கைத் திரும்ப மாட்டும்போது போல்ட் கையாலேயே நுழைய வேண்டும். நெம்பித்தான் நுழைகிறது என்றால் நீளம் மாற்றக்கூடிய லிங்க் வாங்கிச் சரிசெய்யுங்கள்.

ஓட்டிப் பார்த்து

ஷாக் தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டி, ஷாக் உடம்பின் சீலைத் தொடும்படி கீழே தள்ளிவிடுங்கள். வழக்கமாகப் போகும் சாலையில், வழக்கமான வேகத்தில், பக்கத்து இருக்கையில் ஆளோடு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். தண்டு உள்ளே போன அளவுக்கு டை மேலே நகர்ந்து நிற்கும். அது ஸ்டாப்பரிலேயே போய் நசுங்கியிருந்தால், அதுவும் ஒரே ஓட்டத்தில் நாலு மூலையிலும் அப்படி என்றால், 5 மி.மீ. ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். தரமான சாலை இல்லாத ஊரில் அழகுக்காக 320இல் வைத்ததை 335க்கு ஏற்றிக்கொண்டவர்கள் அதிகம், திரும்ப இறக்கியவர்கள் குறைவு.

ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, டயர் உள் பிளாஸ்டிக்கில் உரசிய பளபளப்பு இருக்கிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள்.

வீல் அலைன்மென்ட் கடைசியில்தான். உயரம் மாறினால் கேம்பரும் டோவும் மாறிவிடும் என்பதால் முன்கூட்டியே செய்த அலைன்மென்ட் காசுக்குக் கேடு. இருநூறு, முந்நூறு கி.மீ. ஓட்டி, உயரம் இறங்கி நின்றதும் மறுபடி அளந்து, தேவையானால் திருத்தி, அப்புறம் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். சாலை ஓட்டத்துக்கு முன்சக்கரக் கேம்பர் மைனஸ் 1 டிகிரி, பின்சக்கரக் கேம்பர் மைனஸ் 1.5 டிகிரி, இரண்டு பக்கமும் சமம், டோ நூலிழை உள்நோக்கி என்று தொடங்கலாம். கடைக்காரர் வண்டியின் கம்ப்யூட்டர் பட்டியலில் உள்ள பச்சைக் கட்டத்துக்குள் வந்தால் போதும் என்பார். நீங்கள் எழுதிக்கொண்டு போன எண்ணைக் கேளுங்கள். நீங்கள் இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

முன்பக்கம் பின்பக்கத்தைவிட அதிகம் இறங்கியிருந்தால் முகப்பு விளக்கின் ஒளி முன்பைவிடக் கிட்டத்தில் விழும், பின்பக்கம் அதிகம் இறங்கியிருந்தால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கின் திருகையும் சரிசெய்துவிடுங்கள்.